ஈரமான சோப்பு

கைகழுவும் தொட்டியின் விளிம்பில், குழாய்க்கு நேர் கீழே கிடந்த சோப்பு ஈரமாக இருந்தது.

மதிப்பீட்டாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது. கடனைக் கட்ட முடியாதவர்களிடமிருந்து வங்கி எடுத்துக்கொண்ட வீடு. தண்ணீர் வால்வை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, ஒரு கோடையே கழிந்துவிட்டது. புழுதி மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம்.

முழங்கால் வலித்தது. இந்த வயதில் அவர் அலைய வேண்டியதில்லைதான். ஆனால் இதே வீட்டை முன்பு மதிப்பிட்ட அவர் தம்பி, குழாய்கள் நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது என்று ஒரு வரியில் முடித்திருந்தான். தண்ணீர் இல்லாத வீட்டைச் சோதிக்காமலே அப்படி எழுதுவது தொழிலில் எல்லாரும் செய்வது. அவர் குடும்பத்தில் யாரும் செய்ததில்லை. கண்ணால் காணாததற்கு, இதே தொழிலில் இருந்த அவர் அப்பாவின் முத்திரை ஒருநாளும் விழுந்ததில்லை.

"என்ன சார், உங்க வீட்லயும் இப்ப கண்ணை மூடிக்கிட்டுதான் கையெழுத்தா?" என்று அந்த அறிக்கையைக் காட்டி வங்கி மேலாளர் சிரித்திருந்தார். தம்பியிடம் கேட்டபோது, கட்டுப் போட்ட வலது கையை மடியில் மறைத்துக்கொண்டு, அந்த வீடு வேண்டாம் என்று மட்டும் சொன்னான். சோம்பேறி என்று திட்டிவிட்டு இவரே கிளம்பி வந்தார்.

வாசலோரம் குனிந்து வால்வைத் திறந்தார். துருவேறிய சக்கரம் கிறீச்சிட்டு அசைய, தரைக்கடியில் தண்ணீர் இருமிக்கொண்டே புறப்பட்டு, சுவர்களுக்குள் ஏறி, அடைபட்டுக் கிடந்த காற்றை ஒவ்வொரு குழாய் வழியாகவும் பெருமூச்சாகத் தள்ள, பொழுது சாயும் அந்த வீடு முழுவதும் சேற்று நாற்றமும் பழைய இரும்பின் வாடையும் நிறைந்தன. குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கலங்கல் தெளியும்வரை நின்று, எல்லாவற்றையும் இறுக மூடினார்.

ஆனாலும் வால்வுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் மீட்டரின் முள் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கோ கசிவு. குளியலறைக்குத் திரும்பி, திருப்புளியின் நுனியைச் சுவரில் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டினார். கசிவென்றால் ஒரே சீராக உஸ்ஸென்று கேட்கும். ஆயுள் முழுக்கக் கேட்டுச் சலித்த ஓசை அது.

இது வேறு.

மடக். மடக். ஒரு மூச்சு. மறுபடி மடக்.

யாரோ குடிக்கிற ஓசை.

பையை அங்கேயே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். வால்வை மூடினார். ஈரக்கையைத் துடைக்காமலே தம்பியைக் கைப்பேசியில் அழைத்தார்.

"அண்ணே, அங்கதான் இருக்கீங்களா?"

"சுவருக்குள்ள என்னடா இருக்கு?"

"தெரியலண்ணே. நானும் வால்வைத் திறந்து பாத்தேன். பாத்ததை எழுதினா, அப்பா பேரைச் சொல்லி ஊரே சிரிச்சிருக்கும். அதான் பாக்கலைன்னு எழுதினேன்." மூச்சு வாங்கினான். "திறந்தது திறந்தபடியே இருக்கட்டும். மூடிடாதீங்க. நான் மூடினேன். அதான் என் கை இப்படி."

"மூடிட்டேன்டா."

வால்வை மறுபடி திறக்கக் குனிந்தார்.

சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். தண்டு ஒடிந்து கையோடு வந்தது. உள்ளே சுவர் முழுவதும் ஒரு உறிஞ்சல் ஓடியது. வறண்ட குழாயில் காற்று இழுபடுவதுபோல.

வாசல் திறந்தே கிடந்தது. நாலு எட்டு வைத்தால் தெரு. ஆனால் பை உள்ளே. பைக்குள் அப்பாவின் முத்திரை. அதை அடுத்தவன் வீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்தான் என்ற பேச்சு தன் காலத்தில் வரக்கூடாது.

நடந்தார். கூடம். நடை. குளியலறைக் கதவு.

பை தொட்டிக்கு அடியில் இருந்தது.

குழாயின் வாயிலிருந்து ஒன்று தொங்கியது. வெளிறியது. விரல் கனம். முழ நீளம். நுனி மட்டும் அசைந்தது.

நாக்கு.

சோப்பை நக்கிக்கொண்டிருந்தது. பொறுமையாக. சாப்பிட்டு முடித்த பிள்ளை தட்டை வழிப்பதுபோல.

அவர் கையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

நாக்கு நின்றது. மெல்ல நிமிர்ந்தது. அவருடைய கையின் பக்கம் திரும்பியது.