இறக்கையில் ஒரு குறுக்குக் கோடு

அருங்காட்சியகத்தின் பூச்சி ஆய்வாளர் மூன்றாவது முறையாகத் தமது மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மேசைமேல் உள்ளங்கை அளவில் ஒரு கல் இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றில் விழுந்த ஒரு பூச்சியின் இறக்கை அதில் பதிந்திருந்தது. கல்லைக் கொண்டுவந்தவள் சுண்டு. வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"இங்க பாரும்மா. இந்தக் குறுக்குக் கோடு இறக்கையோட நரம்பா இருந்தா, இது யாருமே பார்க்காத பூச்சி. வெறும் விரிசலா இருந்தா, ஏற்கெனவே தெரிஞ்ச பூச்சிதான். விரிசல்னுதான் எங்க தலைவர் சொல்றாரு. சாயங்காலம் பதிவேட்டுல எழுதிடுவாரு."

சுண்டுவின் முகம் தொங்கிப்போயிற்று. பூதக்கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தாள். கோடு பள்ளமாக இருந்தது. களிமண்ணில் சாவியை அழுத்தி விளையாடியது அவள் நினைவுக்கு வந்தது. சாவியில் மேடாக இருப்பது களிமண்ணில் பள்ளமாகிவிடும்.

"அக்கா, கல்லு பிளந்தப்போ இன்னொரு பாதியும் இருந்துச்சு. விரிசல்னா அதுலயும் பள்ளமாத்தானே இருக்கும்? நரம்புன்னா அதுல மேடா இருக்கணும்ல?"

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமா, இருக்கணும். அந்தப் பாதி எங்க?"

சுண்டு மெதுவாகச் சொன்னாள். "நெட்டைகிட்ட."

நெட்டை அவளுடைய தோழி. பள்ளிக் கட்டட வேலைக்குக் குவித்திருந்த கற்களில் இருவரும் சேர்ந்துதான் அதைக் கண்டெடுத்தார்கள். இறக்கை தெளிவாகத் தெரிந்த பாதியைச் சுண்டு பிடுங்கிக்கொண்டாள். "உன்னோடது வெறும் கல்லு" என்று வேறு சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சில்லை.

சுண்டு நேராக அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவைத் திறந்த நெட்டை கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?"

"அந்தக் கல்லு..."

"வெறும் கல்லுதானே? ரோட்டுல நிறைய கிடக்கு, பொறுக்கிக்க."

சுண்டு தரையைப் பார்த்தாள். "நான் பிடுங்கினது தப்புடி. சொன்னது அதைவிடத் தப்பு. நீ கல்லைக் குடுக்க வேணாம். சாயங்காலத்துக்குள்ள நீயே மியூசியத்துக்கு எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்."

நெட்டை உள்ளே போய் ஒரு பென்சில் டப்பாவுடன் வந்தாள். உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் கல்.

"தூக்கிப் போட்டிருப்பேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நானும் ரெண்டு தடவை நெனச்சேன். சரி, வேகமா நட. இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ எப்பப் போய்ச் சேர்றது?"

அவர்கள் வந்தபோது தலைவர் பதிவேட்டைத் திறந்துவிட்டிருந்தார். ஆய்வாளர் இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். நெட்டையின் கல்லில் அந்தக் கோடு வரப்பைப்போல எழுந்து நின்றது.

தலைவர் இந்தக் கல்லைப் பார்த்தார். அந்தக் கல்லைப் பார்த்தார். மறுபடியும் இந்தக் கல்லைப் பார்த்தார்.

"விரிசல் எந்த ஊர்ல மேடா இருந்திருக்கு? நான் நெனச்சது தப்பு," என்றவர், பதிவேட்டை ஆய்வாளர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே எழுதுங்க."

'புதிய இனம்' என்று எழுதிவிட்டு ஆய்வாளர் நிமிர்ந்தார்.

"கண்டெடுத்தது யாருன்னு போடட்டும்?"

"நாங்க," என்றார்கள் இருவரும்.

அன்று வீடு போய்ச் சேரும் வரை, எதிரே வந்த எல்லோரிடமும் அவர்கள் அந்தச் செய்தியைச் சொன்னார்கள். ஆள் இல்லாத தெருவில், படுத்திருந்த ஒரு நாயிடமும் சொன்னார்கள்.