ஊசி பிடித்த கை

பட்டை இறுகும்போதெல்லாம் தையல்காரரின் வலது கை மடங்கியது. கட்டிலோரம் இருந்த ரத்த அழுத்த இயந்திரம் உறுமி, அவர் புஜத்தில் சுற்றிய பட்டையில் காற்றை நிரப்பும். மணிக்கட்டு வளையும், விரல்கள் ஐந்தும் நுனி குவிந்து இல்லாத ஊசியொன்றைப் பிடிக்கும். காற்று இறங்கியதும் மெல்ல விரியும்.

"ஊசி பிடிச்ச கை டாக்டரம்மா. சும்மா கிடன்னா கேக்குமா?" என்று சிரித்தார். உதடு மரத்திருக்கிறது என்று அவர் முன்பு சொன்ன பேச்சும் அந்தச் சிரிப்போடு அடிபட்டுப் போயிற்று.

மகள் சிரிக்கவில்லை. "நேத்து வரைக்கும் இப்படி இல்ல டாக்டர். ஒரு தடவை கையைப் பிடிச்சுப் பாருங்களேன்."

"ரிப்போர்ட் பார்த்துட்டேம்மா. பயப்படாதீங்க."

பார்த்திருந்தாள். ரத்தத்தில் கால்சியம் குறைவு. ஆனால் அதைச் சுமந்து திரியும் ஆல்புமின் என்ற புரதமும் குறைவு; புரதம் குறைந்தால் கால்சியமும் குறைவாகத்தான் தெரியும், அதைத் திருத்த ஒரு கணக்கு உண்டு. போட்டாள். சரியாக வந்தது. புரதத்தில் ஒட்டாத கால்சியத்தை நேரடியாக அளக்கும் சோதனையும் உண்டுதான். கணக்கே சரியாக வந்தபின் அது எதற்கு?

மழை பிடித்த அந்தச் சாயங்காலம், ஈரத்துணி வாடையும் மருந்து நெடியும் நிறைந்த நடைவழியில் டாக்டர் வந்துகொண்டிருந்தபோது, மகளின் அலறலுக்கு முன்பே அந்த மூச்சு கேட்டது. இறுகிய தொண்டைக்குள் காற்று நுழையப் பார்க்கும் மெல்லிய விசில். கால்சியம் மருந்தை ஏற்றுவதற்குள் விசில் நின்றுவிட்டது.

மகள் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள். முகம்வரை போர்வையால் மூடினாள். தம்பியிடம் சொல்ல வெளியே போனாள்.

டாக்டர் தனியாக நின்றாள். பட்டை இறுகினால் மடங்கும் கை, மரத்த உதடு, கடைசியில் அடைத்த தொண்டை: கணக்கு மறைத்த கால்சியம் குறைவை அந்தக் கை முதலிலேயே சொல்லியிருந்தது. ஒரு கையைப் பிடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கடவுள் அவளிடம் பெரிய புண்ணியம் எதையும் கேட்கவில்லை. அதை மட்டும்தான் கேட்டார், ஒரு மகளின் வாயால்.

உறுமல்.

பட்டையை யாரும் கழற்றவில்லை. ஓடிப்போய் மின்செருகியைப் பிடுங்கினாள். உறுமல் நிற்கவில்லை. போர்வைக்குள் பட்டை புடைத்தது. மணிக்கட்டு இருந்த இடம் மெல்ல உயர்ந்தது.

மன்னிப்புக் கேட்பவளைப்போல் உள்ளே கைவிட்டாள். பிடித்தாள். சில்லிட்ட விரல்கள் ஐந்தும் அவள் சுண்டுவிரலைச் சுற்றிக் குவிந்தன.

ஊசியைப் பிடிப்பதுபோல.

காற்று இறங்கியது.

கை விரியவில்லை.