குண்டூசியும் அத்தையின் ஊசியும்

லாரி பின்பக்கமாக வரும்போது ஒரு சத்தம் போடுமே, கேட்டிருப்பீர்கள். பீப், பீப், பீப். அந்தச் சத்தத்தை அத்தையின் மேல் ஒட்டவைத்தவள் குண்டூசிதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அத்தை பெரிய உடம்புக்காரி. நாற்காலியில் உட்காரும் முன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு எட்டு பின்னால் வைத்து, மெல்ல உட்காருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, குண்டூசி வாயைக் குவித்து "பீப், பீப்" என்றாள். கூடமே அதிர்ந்தது. பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரியப்பாவின் மகன் தரையில் உருண்டான். அத்தையும் சிரித்தாள். அன்றைக்குக் குண்டூசிக்குத் தலைகால் புரியவில்லை.

குண்டூசி என்பது பட்டப்பெயர். குச்சி உடம்பு, மேலே உருண்டையாகச் சுருட்டைமுடித் தலை. பெயர் வைத்தவள் அத்தை. அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார். அம்மாவும் அங்கேதான். அங்கே புதிதாக ஒரு தம்பி பிறந்திருந்தான். பள்ளித் தேர்வு இருந்ததால் குண்டூசி மட்டும் அத்தை வீட்டில் தங்கினாள். தேர்வு முடிந்ததும் அத்தை, பெரியப்பா, பெரியப்பாவின் மகன், குண்டூசி என்று நாலு பேரும் விமானம் ஏறிக் குழந்தையைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

ஒருநாள் காலை சீப்பைத் தேடிக்கொண்டு கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைந்தாள் குண்டூசி. அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் வயிற்றுச் சதையைப் பிடித்திருந்தாள். மறுகையில் தடித்த பேனா போல ஒன்று.

"என்ன அத்தை, வயித்துல எழுதுறீங்க?"

அத்தை பதறிப்போய்த் துணியை இழுத்துவிட்டாள். முகம் செங்கல்லாகிவிட்டது.

"கதவைத் தட்டிட்டு வரணும்னு தெரியாதா உனக்கு? பேனா இல்லடி. ஊசி. உடம்பு எடை குறையறதுக்கு. முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது."

அத்தை சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே வேலை. வீட்டுக்கு வந்தால் முழங்கால் இரண்டும் உப்பியிருக்கும்.

"இதுக்கு ஏன் ஒளிஞ்சு போடணும்?"

"உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுறவருக்கு அவல் கிடைச்ச மாதிரி. 'வாயைக் கட்டத் தெரியாம ஊசி போட்டுக்கிறா'ன்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டுடுவாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"நீங்கதான் கேலி பண்ணினா சிரிப்பீங்களே அத்தை. நான் பீப் போட்டப்பகூடச் சிரிச்சீங்க."

அத்தை ஊசியின் மூடியைப் பூட்டினாள்.

"சிரிக்காம இருந்தா இன்னும் கேவலமா இருக்கும்ல? அதான் சிரிச்சேன்."

குண்டூசிக்குக் காது மடல் சுட்டது. சீப்பை எடுக்காமலே வெளியே வந்துவிட்டாள். அன்று தலை வாராமல்தான் பள்ளிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க நாக்கு வரை வந்த சொல், தொண்டைக்கே திரும்பிப் போய்விட்டது.

பயணத்துக்கு முந்தின வாரம், அத்தையோடு மருத்துவமனைக்குப் போனாள். நர்சம்மா கண்டிப்பானவள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஊசியைக் கையில வச்சிக்கிற பையிலதான் கொண்டுபோகணும். பெரிய பெட்டியில போட்டுடாதீங்க. அது விமானத்தோட அடிவயித்துல போகும். அங்க குளிர்ல மருந்து உறைஞ்சுபோகலாம். ஒருதரம் உறைஞ்சா அப்புறம் உருகினாலும் பிரயோசனம் இல்ல. குப்பைதான். சோதனை பண்றவங்ககிட்ட முதல்லயே மருந்துன்னு சொல்லிடுங்க. டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்."

அத்தை தலையாட்டினாள். சின்னதாக ஒரு நீலப் பை வாங்கினாள். உள்ளே ஜில்லென்று ஒரு பொட்டலம், துணி சுற்றிய ஊசிகள், டாக்டர் சீட்டு. பார்த்தால் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பை மாதிரியே இருந்தது.

கிளம்புகிற அன்று காரில் வாய் சும்மா இருக்குமா பெரியப்பாவுக்கு?

"விமான நிலையத்துல எவனையும் நம்பக்கூடாது. கைப்பையைத் தலைகீழாக் கொட்டுவான். உள்பாவாடை முதற்கொண்டு மேசை மேல பரப்புவான். ஊரே வேடிக்கை பாக்கும்."

அத்தையின் முகம் வெளுத்ததைக் குண்டூசி பார்த்தாள். கார் நின்றதும் பெரியப்பாவும் மகனும் தள்ளுவண்டி தேடப் போனார்கள். அத்தை பெரிய பெட்டியைத் திறந்து எதையோ திணித்து மூடினாள். குண்டூசி அப்போது வானத்தில் போன விமானத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் என்ன திணித்தாள் என்று கவனிக்கவில்லை.

விமான நிலையத்தின் பளபளத்த தரை கண்ணைக் கூசவைத்தது. அப்படிப்பட்ட தரையை நம்பக்கூடாது. வழுக்கிவிடும். பெட்டிகளை எடைபோட்டு உள்ளே அனுப்பும் இடத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நின்றாள். பெட்டியை எடை மேடையில் வைக்கச் சொன்னாள்.

அத்தை குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"பாத்து, தங்கச்சி! பெட்டியை மட்டும் வை. நீயும் ஏறி நின்னுடாதே, மிஷின் தாங்காது!" என்றார் பெரியப்பா.

வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போது குண்டூசிக்குத் தெரியும்.

அப்போதுதான் அத்தையின் கைப்பையைக் கவனித்தாள். ஒட்டிப்போய்த் தொங்கியது. நீலப் பையைக் காணவில்லை; பெட்டிக்குள்தான் போயிருக்க வேண்டும். பெட்டியோ எடை மேடையிலிருந்து நகரத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு தள்ளு, கறுப்புத் திரைக்குப் பின்னால் போய்விடும்.

"நிறுத்துங்க!" என்று குண்டூசி கத்தினாள். "உள்ள ஊசி..."

அத்தை திடுக்கிட்டுத் திரும்பினாள். வேண்டாம் என்று கெஞ்சின அவள் கண்கள். பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சொல் பாதி வெளியே வந்துவிட்டது. திரும்ப விழுங்க முடியாது.

"...ப்போயிடும்!" என்று முடித்தாள் குண்டூசி. "ஊசிப்போயிடும்! உள்ள இருக்கறது ஊசிப்போயிடும்!"

சிரித்த பெண் பெட்டியை நிறுத்தினாள். குண்டூசி பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் வினை வந்துவிட்டது.

"என்ன ஊசிப்போயிடும்? பெட்டிக்குள்ள சோறா கட்டி வச்சிருக்கே?" பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "விமானத்துல சாப்பாடு தருவான்மா! அது பத்தாதுன்னு மூட்டை கட்டிட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தைக்குக் கழுத்து வரை சிவந்தது. காப்பாற்றப் போய்க் கிணற்றில் தள்ளிவிட்டோமே என்று குண்டூசிக்கு அழுகை முட்டியது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பளபளத் தரை பிளக்கவில்லை.

"அத்தையோடது இல்ல," என்றாள். "என்னுது. எனக்குப் பசிக்கும்னு நான்தான் வச்சேன்."

"நீயா? குச்சி மாதிரி இருந்துக்கிட்டுப் பெட்டி நிறையச் சோறா? தீனிப்பண்டாரம்!" என்றான் பெரியப்பா மகன்.

"ஆமா. தீனிப்பண்டாரம்தான். போதுமா?"

அத்தை பெட்டியைத் திறந்தாள். நீலப் பையை எடுத்தாள். தன் சாப்பாடு என்று சொன்ன பிறகு வாங்காமல் இருக்க முடியுமா? குண்டூசி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அடுத்தது சோதனை. எல்லாப் பைகளும் தட்டில் படுத்து ஒரு சோதனை இயந்திரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தன. நீலப் பை மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டது. சீருடை போட்ட ஒரு பெண் அதிகாரி அதைத் தூக்கிக் காட்டினாள்.

"யாரோடது இது?"

"இவளோட சோறு!" என்றான் பெரியப்பா மகன், முந்திக்கொண்டு.

"சோறு மாதிரி தெரியலையே. என்ன பாப்பா இது? நீதானே கொண்டுவந்தே?"

குண்டூசி திருதிருவென்று முழித்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா கழுத்தை நீட்டினார். இங்கே இன்னொரு பொய் சொன்னால் மருந்தும் போகும், பயணமும் போகும். உண்மையை உரக்கச் சொன்னால் அத்தையின் மானம் போகும்.

"அக்கா, கொஞ்சம் குனியுறீங்களா?"

அதிகாரி புருவத்தைச் சுருக்கினாள். ஆனாலும் குனிந்தாள். குண்டூசி அவள் காதருகே போனாள்.

"நான் பொய் சொல்லிட்டேன். அது சோறு இல்ல. எங்க அத்தையோட மருந்து. ஊசி. டாக்டர் சீட்டு உள்ளயே இருக்கு. இங்க வச்சுத் திறந்தா எல்லாரும் சிரிப்பாங்க. வேற இடத்துல பாக்க முடியுமா?"

அதிகாரி நிமிர்ந்தாள். அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்களும் பாப்பாவும் வாங்க. மத்தவங்க அங்கயே நில்லுங்க."

"நானும் வரேன். நான் பெரியவன்" என்று பெரியப்பா காலை எடுத்து வைத்தார்.

"உங்களைக் கூப்பிட்டேனா?" என்றாள் அதிகாரி. பெரியப்பா எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திரை போட்ட சின்ன அறை. அதிகாரி ஊசிகளை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பெயரையும் சீட்டையும் சரிபார்த்தாள். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது.

"சரியா இருக்கு. இதுமாதிரி ஊசி இங்க தினம் பாக்குறோம். தனியாப் பாருங்கன்னு கேட்டாப் பாப்போம். அதுக்குத்தான் இந்த அறை. ஆனா ஒண்ணு." அவள் குரல் கடுத்தது. "உங்க மருந்தைச் சின்னப் பிள்ளை கையில குடுத்து அனுப்பலாமா? பதில் சொல்ல முடியாம அது என்ன முழி முழிச்சுது, பாத்தீங்களா?"

அத்தை தலை குனிந்தாள். அதிகாரி வெளியே போனதும் குண்டூசியின் பக்கம் திரும்பினாள்.

"என்னால உன்னைத் தீனிப்பண்டாரம்னு திட்டிட்டானே" என்றாள்.

"நான் உங்களை லாரின்னே சொன்னேன் அத்தை." குண்டூசிக்கு இப்போது அழுகை வந்தேவிட்டது. "அன்னிக்கே மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க அத்தை."

அத்தை அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். நீலப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்தாள்.

"என்னம்மா, சோத்துல கல்லு கிடந்துச்சா?" என்றார் பெரியப்பா.

"சோறு இல்லண்ணா. ஊசி. எடை குறையறதுக்கு நான்தான் போட்டுக்கிறேன். முழங்கால் வலி தாங்கல. நீங்க சிரிப்பீங்கன்னு பயந்துதான் ஒளிச்சு வச்சேன். என் வெக்கத்தை இந்தப் பிள்ளை தலையில தூக்கிக்கிச்சு. இப்ப சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க."

பெரியப்பா திரும்பிக்கொண்டார். விமானங்களின் நேரம் ஓடும் பலகையை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைப் பையில் வைத்திருந்தார், அது வேறு விஷயம்.

அவர் மகனுக்குத்தான் நாக்கு அரித்தது. "குண்டா இருக்கறவங்களுக்கு ஊசி... குண்டு, ஊசி... ஐ! குண்டூசி!"

"அது என் பேரு," என்றாள் குண்டூசி. "எங்க அத்தை எனக்கு வச்சது. யாருக்கும் பங்கு கிடையாது. லாரிச் சத்தமும் நான் கண்டுபிடிச்சதுதான். அதை நானே வாபஸ் வாங்கிட்டேன். இனிமே யாராவது போட்டீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன்."

அவன் காலால் தரையைத் தேய்த்தான். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது, பை குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. அது அத்தையின் சொந்தச் சிரிப்பு. யாருக்காகவும் சிரித்ததல்ல.

விமானத்தில் குண்டூசிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் அத்தை, அதற்கடுத்துப் பெரியப்பா. எல்லோரையும் இடுப்பு பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். அத்தை இழுத்துப் பார்த்தாள். இரண்டு முனையும் சேரவில்லை. கையைத் தூக்கிப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"எனக்கு பெல்ட் பத்தலம்மா. கூட ஒண்ணு இருந்தாக் குடுங்க." குரலை அவள் தாழ்த்தவே இல்லை.

"இதோ கொண்டுவரேன்மா" என்றாள் பணிப்பெண்.

அந்தப் பக்கம் பெரியப்பாவும் ரொம்ப நேரமாக எதனோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, முகம் ஊதா நிறமாகிவிட்டது. முனையும் முனையும் முகம் கொடுத்துப் பேசுவதாக இல்லை. அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பணிப்பெண்ணின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"எனக்கும் ஒண்ணு."

குண்டூசிக்கு நன்றாகவே கேட்டது. அவள் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மும்முரமாக எதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.