பிஸ்கட் பின்வாங்கியது

ஓடையிலிருந்து வெர்லின் தண்ணீர் கொண்டுவந்தபோது பிஸ்கட் அவனைப் பார்த்துப் பின்வாங்கியது. தாயை இழந்த குட்டியாக வந்த நாள் முதல் அவன் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த பெண் குதிரை அது. அவன் காலடி கேட்டாலே சட்டைப்பைக்குள் மூக்கை நுழைத்துக் கேரட் தேடும். இப்போது, பைன் மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில் மற்றக் குதிரைகளோடு கட்டப்பட்டிருந்த அது, தலைக்கயிறு விறைக்கும்வரை நகர்ந்து, வாலை இடுக்கிக்கொண்டு நின்றது.

நெருப்பருகே அவன் மனைவி மார்லிஸ் பீன்ஸ் கிளறுவதை நிறுத்தினாள்.

"என்ன மாப்ள, விவாகரத்து கேக்குறாளா?" என்றான் ஹாய்ட். மார்லிஸின் அண்ணன், வருஷா வருஷம் இந்தக் குதிரைச் சவாரிக் குழுவைத் தேசியப் பூங்காவுக்குள் கூட்டி வருபவன். "ஓடையில வேற எவளையாவது பாத்துட்டு வந்தியா?"

நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்தான்.

"கரடி வாடை பட்டிருக்கும். விடுண்ணே," என்றாள் மார்லிஸ்.

"இன்னைக்கு விட்டா, நாளைக்கு மலைச்சரிவுல உன் புருஷனையே உருட்டி விட்டுரும்." ஹாய்ட் கயிற்று நுனியால் குதிரையின் விலாவில் அடித்தான். மறுபடியும் அடித்தான். "போ அவன்கிட்ட. போடி!"

பிஸ்கட் மீது ஒரு சுடுசொல்கூடப் பட விடாதவன் வெர்லின். இப்போது கையை நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் தன் மூக்கில் பட்டதும் குதிரை அலறியது. எந்தக் குதிரையும் அப்படி அலறி மார்லிஸ் கேட்டதில்லை. தலைக்கயிறு அறுந்தது. ஓடைப் பாதையில் குளம்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

மிரண்டு ஓடும் குதிரையைக் கூட்டமாகத் துரத்தக் கூடாது. ஒருவர் மட்டும் ஓட்ஸ் வாளியைக் குலுக்கிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். மார்லிஸ் வாளியை எடுத்தாள்.

"நீ போயேன், மாப்ள," என்றான் ஹாய்ட்.

"அவளே போகட்டும்," என்றான் வெர்லின்.

மரங்களுக்கிடையே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஈரப் பைன் ஊசிகளின் வாசனை, அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போல ஏதோ ஒன்று, வாளிக்குள் ஓட்ஸ் உருளும் சத்தம். "பிஸ்கட், வாம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள்.

ஓடைக்கரையில் குதிரை நின்றிருந்தது. நடுக்கமே இல்லை. தலையைத் தாழ்த்தி எதையோ முகர்ந்துகொண்டிருந்தது.

ஒரு சட்டைப்பையை.

மார்லிஸின் கையிலிருந்து வாளி நழுவிப் பாதையில் விழுந்தது. ஓடினாள்.

கற்களின் மேல் மல்லாந்து கிடந்தவன் கையில் அவள் போட்ட மோதிரம் இருந்தது. முகம் இருந்த இடத்தில் தோல் இல்லை. காதிலிருந்து காது வரை, கிழிசல் இல்லாமல், சுத்தமாக உரிக்கப்பட்டிருந்தது.

அவன் மார்பு இன்னும் ஏறி இறங்கியது.

"வெர்லின்," என்றாள்.

பின்னால், பாதையில், யாரோ வாளியை எடுத்தார்கள். குலுக்கினார்கள். மெதுவாக.

"மார்லிஸ், வாம்மா."

வெர்லினின் குரல்தான்.

பிஸ்கட் தண்ணீரில் பாய்ந்து அக்கரை ஏறி ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்ஸ் உருளும் சத்தம் நெருங்கியது.

கீழே கிடந்தவனின் இமையில்லாத கண்கள் அசைந்தன. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேல், மிக அருகில், எதையோ பார்த்தன.