இன்னொரு கை

மழையில் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தவள், பழுது என்று எழுதிய பலகையைத் தட்டிவிட்டு லிஃப்டுக்குள் காலை வைக்கப் போனாள்.

"மேடம்... கண்ணு தெரியலையா?" என்றான் மெக்கானிக்.

கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பரிசோதிப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது! சுள்ளென்று பதில் சொல்லத் திரும்பினாள். நனைந்த இமைகளுக்குள் சிரித்த அவன் கண்களைப் பார்த்ததும்... குனிந்து பலகையை நிமிர்த்தி வைத்தாள்.

அதற்குள் ஏழு வயது மகள் அலறத் தொடங்கினாள். தினமும் ஏறுகிற லிஃப்டில் இன்று ஏற முடியாது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை என்று விளக்க வாயெடுத்தாள் அம்மா. அவனோ தரையில் உட்கார்ந்து கதவை மெல்லத் தட்டினான். டக்... டக். அலறல் அடங்கியது. சின்ன விரல்கள் பதிலுக்குத் தட்டின. பிறகு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தாள்.

என்னை ஒரு தடவை இப்படிப் பார்த்திருப்பாளா? அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

தன் தம்பியும் இப்படித்தான் என்றான் அவன். ஞாயிறுதோறும் இதே கட்டடத்து மாடி அறையில் இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடுகின்றன, வாருங்கள் என்றான். நாங்களே சமாளித்துக்கொள்வோம் என்றாள் வெடுக்கென்று. கணவன் விட்டுப்போன நாளிலிருந்து அவளுக்கு அதே பல்லவிதான்.

மகள் விடுவாளா? பார்க்கிற கதவிலெல்லாம் டக் டக். ஒரு ஞாயிறு வேறு வழியில்லாமல் மாடியேறினாள். அங்கே மகள் கைகளை உதறிக் குதித்ததை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு அம்மா டீயை நீட்டி, "நீங்க நிதானமா குடிங்க, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றாள். சூடாக டீ குடித்து எத்தனை காலமாயிற்று... கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு இளம் டீச்சரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். டீ கசந்தது. கோப்பையை வைத்துவிட்டு மகளோடு படியிறங்கினாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"என்னங்க கோபம்?"

"கோபமில்ல... பொறாமை. நான் வருஷக்கணக்கா ஏங்கினது உங்களுக்கு ஒரு நிமிஷத்துல கிடைச்சுது. இப்போ அந்த டீச்சர் வேற..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு பாப்பா ஒரு கையாலதான் என் விரலப் புடிச்சா. இன்னொரு கை எங்க இருந்துச்சு, பாத்தீங்களா?"

குனிந்தாள். மகளின் கை இப்போதும் அம்மாவின் கைப்பை வாரை இறுகப் பற்றியிருந்தது. எப்போதும் பிடிக்கிற அந்த இடம் நைந்தே போயிருந்தது.

"அதப் பாத்து எனக்கு அன்னிக்கே பொறாமை... நானும் கொஞ்சம் புடிச்சுக்கலாமா?"

மகள் சுவரைத் தட்டினாள். டக்... டக். இந்த முறை பதிலுக்குத் தட்டியது அம்மா. பிறகு மாடியைப் பார்த்துத் திரும்பினாள்.

"டீ ஆறிடும்... வாங்க."