பாட்டு ஸ்பிரிங்

அப்பாவின் கடிகாரத்துக்கு நாற்பத்தைந்தாயிரம் என்று விலை சொன்னவனைச் சுமலதா முறைத்தாள். தர்மபுரிக் கடிகாரக் கடையில் ஸ்பிரிங் கேட்டு, கைப்பேசியில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கு ஒதுங்கியவன் எட்டிப் பார்த்துவிட்டான்! பெயர் நவநீதன். பழைய கடிகாரங்கள் வாங்கி விற்பவன்.

"உங்களை யாருங்க விலை கேட்டது?"

கால்மணிக்கு ஒருமுறை பாடும் கடிகாரம் அது. அப்பா இறந்த அதே வாரம், பாட்டை ஓட்டும் ஸ்பிரிங் அறுந்தது. முள் ஓடியது, பாட்டு இல்லை. கடத்தூர் வீட்டில் அம்மா முனியம்மாள் கால்மணிக்கு ஒருதரம் வெங்காயம் அரிவதை நிறுத்திக் காது கொடுப்பாள்... பிறகு மறுபடி அரிவாள்.

கடைக்காரர் ஒரு ஸ்பிரிங்கை நீட்டினார். நவநீதன் குறுக்கிட்டான்.

"வாங்காதீங்க... தகடு தடிமன். பாட்டு தலைதெறிக்க ஓடும், சக்கரத்துப் பல்லும் போயிடும். சரியானதை நான் தேடித் தர்றேன். பாடலைன்னா எனக்கே வித்துடுங்க."

"பாடிடுச்சுன்னா?"

"நட்டம் எனக்குங்க."

இமையில் மழைத்துளியோடு சிரித்தான். யாவாரிக்கு எதற்கு இப்படியொரு கண்... அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முதல் ஞாயிறு அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த ஸ்பிரிங்கில், முனையில் ஓட்டைக்குப் பதில் வளையம்; மாட்டவில்லை. மறு ஞாயிறு கொண்டுவந்தது அகலம் கூடி, ஸ்பிரிங் உட்காரும் டப்பாவுக்குள் இறங்கவில்லை.

"கடிகார யாவாரிக்கு அளந்து வாங்கத் தெரியலையே!"

"உங்க வூட்டுக் காப்பி கையை நடுங்க வெக்குதுங்க."

திட்டினாள்தான். ஆனால் மூன்றாம் ஞாயிறு விடிந்ததிலிருந்தே கண் வாசலில்...

அன்று ஸ்பிரிங் பதவிசாக உட்கார்ந்தது. சாவி கொடுத்தான். பாட்டு எழுந்தது... அப்பா இருந்தபோது போலவே, அவசரமில்லாமல். முனியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். முந்தானையில் முகம் புதைத்து அழுதாள்.

நவநீதனின் சிரிப்பு அணைந்தது. பைக் வரை கூடவே வந்த சுமலதாவிடம் தலைகுனிந்தான்.

"இந்த ஸ்பிரிங் மொத ஞாயித்துக்கெழமையே என் பையில இருந்துச்சுங்க."

"என்னது?"

"போட்டுட்டா... அப்புறம் என்ன சாக்கு சொல்லி வர்றது? உங்களைப் புடிச்சிருக்குங்க. அம்மா இப்படிக் காத்திருந்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்காக விட்டுவிடுவாளா?

"எங்கம்மாவுக்கு ரெண்டு வாரப் பாட்டு பாக்கி. யாரு குடுக்கறது?"

"நான்தாங்க."

"வாரா வாரம் வந்து சாவி குடுத்துக் கழிங்க."

"எப்பங்க கழியும்?"

"கழிஞ்சிடுச்சுன்னு நான் சொல்றப்போ." தாவணி இல்லாத குறைக்குச் சுடிதார் துப்பட்டாவின் நுனியைத் திருகினாள். "சொல்ல மாட்டேன்... போதுமா?"