வெள்ளையடித்த கல்லுச் சுவர்

சுவர் முழுக்கக் காய்ந்துவிட்டது. நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஓரிடம் மட்டும் காயவில்லை. நஸ்ரியா விரல் வைத்துப் பார்த்தாள். ஈரம். துறைமுகத்துத் தார் உருகுகிற வெயிலில், காலையில் அடித்த பெயின்ட் பின்னேரம் அஸர் தொழுகைக்கும் காயாமல் இருக்குமா?

நோன்புக்கு முன்னம் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது வழக்கம். மற்ற அறைகளையெல்லாம் அடித்த புருசன் ஸாஜித், முன் ஹோலில் இருந்த இந்தக் கல்லு டைல்ஸ் சுவரை மட்டும் தொடாதே என்றான். வெளிமதிலுக்கு ஒட்டுகிற கரடுமுரடான கல்லை வீட்டுக்குள் ஒட்டுவானா ஒரு மனுசன்? அவனுடைய முதல் மனைவி, மூத்தவள், குவைத்துக்கு வேலைக்குப் போன கையோடு அவனே ஒட்டினானாம். போனவளிடமிருந்து ஒரு போன் கோல்கூட இல்லை. அந்தக் கதை நஸ்ரியாவின் தொண்டைக்குள் இறங்கவேயில்லை. ஆனால் மூத்தவளின் பிள்ளை றஹ்மா வந்து மடியில் ஏறி "உம்மா" என்றதும் கேள்விகளையெல்லாம் விழுங்கிக்கொண்டாள். பெற்றவள் என்றைக்காவது வந்து பிள்ளையைக் கேட்டுவிடுவாளோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

இன்று அவன் கிண்ணியாவுக்குப் போனதும், கல்லின் குழிகளுக்குள் பிரஷைக் குத்திக் குத்தி அடித்து முடித்தாள். கறுப்பும் மண்ணிறமும் சாம்பலுமாய்க் கிடந்த கற்கள் ஒரே வெள்ளையாகிவிட்டன. இப்போது யன்னலால் சாய்ந்து விழுந்த வெயிலில் மேடும் பள்ளமும் எழும்பித் தெரிந்தன. நெற்றி. தோள். விரித்த கைகள். இவ்வளவு நாளும் நிறங்கள்தான் மறைத்து வைத்திருக்கின்றன.

தொழுகிற ஹோலில் உருவமா? பதறிப்போய் இன்னொரு பூச்சு அடித்தாள். இன்னும் தெளிவாகத்தான் வந்தது. பெண்தான்.

குசினிக்குள் போய், அடுப்படியில் நின்றபடி ஸாஜித்துக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"கல்லுச் செவருக்குப் பெயின்ட் அடிச்சன்."

"அதத் தொடாத எண்டுதானே சொன்னன்!" என்றான்.

"அதுக்குள்ள ஆரு இருக்கிற? உண்மையச் சொல்லுங்க."

"புள்ள எங்க?" என்றான்.

"ஹோல்ல விளையாடுறா."

"தூக்கிட்டு வெளிய ஓடு நஸ்ரியா. இப்பவே!"

ஹோலில் றஹ்மா கலகலவென்று சிரித்தாள்.

"உம்மா, விடுங்க. கூசுது."

நஸ்ரியா குசினியில் நின்றாள். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் நம்பப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

ஓடினாள். ஹோலில் யாரும் இல்லை. முன்கதவின் மேற்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

"றஹ்மா!"

பெயின்ட் மணம். துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

சுவரைப் பார்த்தாள்.

கைகள் விரிந்திருக்கவில்லை. மடங்கியிருந்தன. அவற்றுக்குள் ஒரு சின்னத் தலை. சின்ன முதுகு. எல்லாம் வெள்ளை. எல்லாம் ஈரம்.

சின்ன வாய் இருந்த இடத்தில் பெயின்ட் குமிழியாக ஊதி, உடைந்தது.

மறுபடியும் ஊதியது.